படம் போட்ட பழைய வானநூல்கள்



கல்கத்தாவில் பழைய புத்தகம் தேடுகிறவர்கள் பலவகையினர். ஒருவருக்கு முதற் பதிப்பு வேண்டும். ஒருவருக்கு ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதி வேண்டும். சட்டப் புத்தகத்தையே தேடுகிறவரும் உண்டு. சமையற் புத்தகத்தையே தேடுகிறவரும் உண்டு. நாம் தேடுவது படம் போட்ட வானநூல்களை. கணிதம் அறியாத பொதுமக்களுக்குச் சூரியன், சந்திரன், கோள்கள், வால்மீன்கள் ஆகியவற்றை விளக்குவதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அச்சாகிய நூல்கள் அவை. அறிவியல் என்று பார்த்தால் அவற்றில் பாதி இன்று செல்லாது. செவ்வாயில் கால்வாய் ஓடும். சந்திரனின் பள்ளங்களெல்லாம் எரிமலை வாய்களாக இருக்கும். செல்லாத காசைச் சேர்ப்பவரைப் போலத்தான் இதுவும் என்று வீட்டில் சொல்வார்கள். நாம் மறுமொழி கூறுவதில்லை.

இந்நகரின் பெயர் 2001-இல் கொல்கத்தா என்று ஆயிற்று. ஆயினும் இங்குள்ள தமிழர் நாவில் கல்கத்தா என்பதே நின்றுவிட்டது. இவ்வுரையில் இரண்டும் வரக்கூடும், நேயர்கள் பொறுத்தருள்க.

காலேஜ் தெருவை வங்காளிகள் 'பொய் பாடா' என்பர். தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்கும். 'பொய்' என்பது அவர்கள் மொழியில் புத்தகம். ஆகவே புத்தகப் பேட்டை என்று கொள்க. கல்லூரிகளின் சுவர்களையும் கம்பி வேலிகளையும் ஒட்டி, மரத்தாலும் தகரத்தாலும் ஆன சிறு கடைகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் அடுக்கியிருப்பவை எல்லாம் பரீட்சைக்கு உரியவை. கடைக்காரரின் பிழைப்பு அவற்றில்தான். நமக்கு வேண்டியவை பின்னால், கால்மிதிக்கு அடியில், சில வேளை கடைக்காரர் உட்காரும் பலகைக்கே அடியில் இருக்கும். "தாதா, ஆகாயத்தைப் பற்றி ஏதேனும் உண்டா?" என்று நாம் கேட்போம். தாதா என்றால் இங்கே அண்ணன். மிரட்டிப் பணம் பறிப்பவன் அல்லன். அவர் சோதிடப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். அதன்று, வானசாஸ்திரம் என்போம். அவர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பலகையைத் தூக்குவார்.

இத்தகைய நூல்கள் இங்கே மிகுதியாய்க் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1911 வரையில் இந்நகரமே இந்தியாவின் தலைநகர். லண்டனில் அச்சான புத்தகம் கப்பலேறி முதலில் இறங்கிய துறைமுகங்களுள் இது ஒன்று. அதிகாரிகளும், வழக்கறிஞர்களும், ஜமீன்தார்களும், பள்ளித் தலைமையாசிரியர்களும் அவற்றை வாங்கினர். அவர்களுடைய பெரிய வீடுகள் கைமாறும்பொழுது நிலைப்பேழைகள் ஒரு பக்கம் போகும். புத்தகங்கள் எடைக்குப் போகும்.

பணியேற்று இந்நகருக்கு வந்த புதிதில், நடைபாதைக் கடை ஒன்றில், கண்ணாடித் தாளுறையில் இட்டுத் தொங்கவிட்டிருந்த இரண்டு வண்ணப் படங்களை வாங்கினோம். ஒன்று வளையத்தோடு கூடிய சனிக்கோள். மற்றொன்று முழுச் சூரியகிரகணம்: கறுத்த வட்டம், அதைச் சுற்றிச் செந்நிறத் தீநாக்குகள். இரண்டையும் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். வந்தவர்கள் புகழ்ந்தார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை; சொல்ல விற்றவருக்கும் தோன்றவில்லை. இடப்பக்க ஓரம் பிசிராக இருக்கிறதென்று சட்டம் போட்டவர் நேராக நறுக்கிக் கொடுத்தார். நமக்கும் அது நன்றாகவே பட்டது.

சில மாதங்கள் சென்றபின் தடித்த ஆங்கில நூல் ஒன்று அகப்பட்டது. மேலட்டை இல்லை, முகப்புத்தாள் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை. விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் அளவே. வீட்டுக்குக் கொண்டுவந்து புரட்டினோம். தைத்த ஓரத்தில் ஆங்காங்கே விரற்கடை அகலத்தில் கிழிந்த தாள் துணுக்குகள் நின்றன. எதிர்ப்பக்கத்து எழுத்து, எதிரே உள்ள படத்தைப் பார்க்குமாறு சொல்லியது. எதிரே படம் இல்லை. சொற்கள் மட்டும், ஊமைக்குச் சைகை காட்டுவோர் போல, இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நின்றன. நாம் தலைநிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தோம்.

படங்களை இறக்கி அளந்து பார்த்தோம். அந்நூலுக்கு உரியவை அல்ல, தாள் சிறிது. சற்று ஆறுதலாக இருந்தது. பிறகு, வேறொரு நூல் எங்கோ இதே நிலையில் கிடக்கிறது என்பது விளங்கியது. நாம் வானநூல் சேர்க்கத் தொடங்கியது அன்றைக்கு.

முகப்பில்லாத அந்நூலின் வயதை அறிய வேண்டியிருந்தது. இதற்கு இத்துறையில் ஓர் எளிய வழி உண்டு. சேர்ப்பவர் எவரும் விரைவிற் கற்றுக்கொள்வர். கோள்களையும் அவற்றின் துணைக்கோள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யுரேனஸ் கண்டறியப்பட்டது 1781-இல். பின்னர் 1801 முதல் 1807 வரையில் ஸீரிஸ், பாலஸ், ஜூனோ, வெஸ்டா என்னும் நான்கு சிறுகோள்கள் அகப்பட்டன. அவற்றையும் கோள்களென்றே கொண்டு, கோள்கள் பதினொன்று என்று எழுதிய நூல்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பெயரையும் நெட்டுருச் செய்திருப்பார்கள், பாவம். ஐந்தாவது சிறுகோள் 1845-இலும், நெப்டியூன் 1846-இலும் அகப்பட்டபின் அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. ஆகவே பதினொரு கோள் சொல்லும் நூல் 1807-க்கும் 1845-க்கும் இடைப்பட்டதென்று பெரும்பாலும் துணியலாம். செவ்வாய்க்குத் துணைக்கோள் இல்லை என்றால் அது 1877-க்கு முற்பட்டது. அவ்வாண்டில்தான் அமெரிக்கர் அஸாஃப் ஹால் இரண்டைக் கண்டார். வியாழனுக்குக் கலிலியோ 1610-இல் கண்ட நான்கு மட்டுமே சொல்லப்பட்டால் 1892-க்கு முற்பட்டது. அவ்வாண்டில் பார்னார்டு ஐந்தாவதைக் கண்டார். புளூட்டோ இருந்தால் 1930-க்குப் பிற்பட்டது. புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து நீக்கியது 2006-இல்.

நம் நூலில் செவ்வாய்க்கு இரண்டு, வியாழனுக்கு நான்கு. மேலும், 1882-ஆம் ஆண்டின் பெரிய வால்மீனை அண்மையில் வந்துபோன ஒன்றாகப் பேசுகிறது. ஆக, 1882-க்கும் 1892-க்கும் இடையில் அச்சானது. ஊர் பேர் தெரியாமல் வந்தவரின் பேச்சை வைத்து எந்தச் சீமையார் என்று கண்டுகொள்வதில்லையா? அதைப் போலத்தான்.

படங்களின் அச்சுமுறையும் சாட்சி சொல்லும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், மரச்செதுக்குப் படத்தில் உளி ஓடிய கோடுகள் தெரியும். கல்லச்சில் வண்ணம் ஏற்றிய படமானால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல். சில நேரம் ஒரு வண்ணம் மயிரிழை விலகி விழுந்திருக்கும். படம் முழுவதும் ஒழுங்கான நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஹாஃப்டோன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேதான் அது பரவியது. அந்த ஹாஃப்டோன் முறையை ஆராய்ந்து ஆங்கில அச்சுத்தொழில் ஏடுகளிலே கட்டுரை எழுதியவர் இந்நகரத்தவர் ஒருவர்: உபேந்திரகிஷோர் ராய். 1913-இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் மாத இதழைத் தொடங்கியவர். சத்யஜித் ராயின் பாட்டனார். வங்காளத்துச் சிறுவர் நூல்களிற் படங்கள் தெளிவாக விழுந்தமைக்கு அவருடைய அச்சகம் பெரிதும் காரணம்.

பேர்பெற்ற பட நூல்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் அமெதே கில்மேன் எழுதிய 'வானம்' என்னும் நூல் 1864-இல் வெளிவந்தது. நார்மன் லாக்யர் பதிப்பித்த ஆங்கிலப் பெயர்ப்பு 1866-இல் வந்தது. அந்த லாக்யர்தான் 1871-இல் முழுச் சூரியகிரகணம் காண மலையாளக் கரையில் பேக்கல் கோட்டைக்கு வந்தவர். ஜேம்ஸ் நாஸ்மித்தும் ஜேம்ஸ் கார்ப்பென்டரும் 1874-இல் வெளியிட்ட சந்திரன் நூல் ஒரு விந்தை. அக்காலத்து நிழற்படக் கருவிக்குச் சந்திரனின் மலைகள் தெளிவாய் அகப்படவில்லை. ஆகவே தொலைநோக்கியிற் கண்டதைச் சுண்ணச்சாந்தில் உருவமாகச் செய்து, வெயிலில் வைத்து, அவ்வுருவத்தை நிழற்படம் எடுத்தார்கள். முதிர்ந்த கை ஒன்றின் சுருக்கங்களையும், வாடிய ஆப்பிள் பழத்தின் சுருக்கங்களையும் அருகருகே படமாக்கி, சந்திரனும் இவ்வாறே சுருங்கிற்று என்றார்கள். சொன்ன காரணம் பிழை. படமோ பார்த்தவரை விடுவதில்லை.

எத்தியென் துருவலோ அமெரிக்காவிலிருந்து 1882-இல் வெளியிட்ட 15 வண்ணப் படங்கள் வானப் படங்களில் மிக அழகியவை என்பது நம் கருத்து. (அம்மனிதரே ஐரோப்பாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சி இனத்தைக் கொணர்ந்து வளர்க்க, அது தப்பிப் பறந்து அமெரிக்கக் காடுகளை இன்றளவும் அழித்து வருகிறது. வானத்தைப் பார்த்தவர் தோட்டத்தைப் பார்க்கவில்லை.) அயர்லாந்துக்காரர் இராபர்ட் பால் 1885-இல் எழுதிய 'வானங்களின் கதை', பதிப்பு மேல் பதிப்பாக வந்தமையால் இன்றும் கைக்கெட்டும் நூல். 1923-இல் பகுதி பகுதியாக வெளிவந்த 'வானங்களின் பொலிவு' என்னும் பெருநூலும் இங்கே அவ்வப்போது தலைகாட்டும்.

கமீல் ஃபிளமாரியோன் பெயரைச் சொல்லாமல் இப்பேச்சை நடத்த முடியாது. அவருடைய 'பொதுமக்கள் வானநூல்' 1880-இல் பிரெஞ்சில் வந்தது. அதை 1894-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லார்டு கோர், முன்னர்ப் பஞ்சாபில் கால்வாய் வெட்டும் பணியிலிருந்த பொறியாளர். பகலில் கால்வாய், இரவில் விண்மீன் என்று வாழ்ந்து, தென்வானத்துப் பொருள்களைப் பற்றி 1877-இல் லூதியானாவிலேயே ஒரு நூல் அச்சிட்டவர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அவர்மீது தனி அன்பு. ஃபிளமாரியோனின் பெயரால் வழங்கும் படம் ஒன்றை நேயர்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள்: யாத்திரிகன் ஒருவன் உலகத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, வானமாகிய திரையைத் தலையால் துளைத்து அப்பால் எட்டிப் பார்ப்பது. பதினாறாம் நூற்றாண்டுப் படம் என்று சொல்லி வண்ணம் பூசி விற்பார்கள். அது அவருடைய வளிமண்டல நூலில் 1888-இல் வந்த மரச்செதுக்கு, கறுப்பு வெள்ளையே. வண்ணத்தில் கண்டால் பின்னாளையது என்று தெளிக. இதற்காக நாமே ஒருமுறை பணம் இழந்தோம். விற்றவர் பெயர் எதற்கு?

இந்த ஆங்கில நூல்கள் வங்காளத்தில் என்ன செய்தன என்பதற்கு ஒரு சான்று போதும். 1873-இல், ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இரவீந்திரநாதரைத் தந்தை தேவேந்திரநாதர் இமயத்தின் டல்ஹௌஸிக்கு அழைத்துச் சென்றார். மலைவானத்தில் விண்மீன்களைக் காட்டினார். ரிச்சர்டு ப்ராக்டர் எழுதிய எளிய ஆங்கில வானநூலிலிருந்து செய்திகளை வாய்மொழியாக விளக்குவார். சிறுவன் அவற்றை வங்காளத்தில் எழுதுவான். தாகூரின் உரைநடை அங்கேதான் தொடங்கிற்று. கவிதையில் அன்று, மொழிபெயர்ப்பில் என்றுகூட நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். பின்னாளில் இராபர்ட் பாலின் நூலை மிக விரும்பிப் படித்ததையும், அதைத் தொடர்ந்து நியூகோம், ஃபிளமாரியோன் என்று தேடிப் படித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். கணிதம் வந்த இடங்களை விட்டுத் தள்ளி மேலே சென்றாராம். 1937-இல், தம் 76-ஆம் வயதில், 'விசுவ பரிசயம்' என்னும் அறிவியல் நூலைத் தாய்மொழியில் எழுதி, சத்யேந்திரநாத் போஸ் என்னும் இயற்பியலறிஞருக்குக் காணிக்கையாக்கினார். இடையிலே அறுபது ஆண்டுகளுக்கு மேல். ஒரு தகப்பனார் மலைக்கு எடுத்துச் சென்ற நூல் அத்தனை காலம் வேலை செய்திருக்கிறது.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கில நூல் கிடைத்தது. மற்றவர்க்கு? இங்கேதான் நாம் சேர்ப்பவற்றுள் மதிப்புக் குறைந்தவை என்று கடைக்காரர் ஒதுக்கும் சிறு நூல்கள் வருகின்றன. கல்கத்தாப் பள்ளிப் புத்தகக் கழகம் 1817-இல் தோன்றியது. ஃபெர்குசனின் வானநூலை வில்லியம் யேட்ஸ் வங்காளத்தில் பெயர்க்க, 1833-இல் அக்கழகம் வெளியிட்டது. அதன்பின் அக்ஷயகுமார் தத்தர் தம் 'சாருபாடம்' என்னும் வாசகப் புத்தகங்களில் பிரமாண்டத்தின் பெருமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்கட்டுரையை ஜஸோர் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் படித்தான். இராதாகோவிந்த சந்திரர் என்பது பெயர்; பிறந்தது 1878-இல்.

அவர் நுழைவுத் தேர்வில் மும்முறை தவறியவர். அரசாங்கக் கருவூலத்தில் சிறு பணியாளர். அதே ஊர் வழக்கறிஞர் காளிநாத முகர்ஜி வெளியிட்ட விண்மீன் படங்களின் துணையால் வானத்தைக் கற்றார். 1910-இல் ஹாலி வால்மீனைச் சிறு இருகண் நோக்கியால் தொடர்ந்து பார்த்துக் குறித்தார். (அதே வால்மீனைப் புதுச்சேரியிலிருந்து பார்த்துப் பாரதியார் பாடியது நேயர்கள் அறிந்ததே.) 1912-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தம் கைப்பணத்தில் வருவித்தார். ஒளி மாறும் விண்மீன்களைக் கண்காணித்து அமெரிக்கக் கழகத்துக்கு அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கு மேல். அக்கழகத்தின் மூலம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று 1926-இல் ஜஸோருக்கு வந்தது. தேசப் பிரிவினைக்குப் பின் அவர் எல்லை கடந்து, கல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் குடியேறினார், 1975-இல் மறைந்தார். அந்தத் தொலைநோக்கியோ வைனு பாப்பு வழியாக, முடிவில் நம் தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. பள்ளிப் பாடப் புத்தகத்துக் கட்டுரை ஒன்று எத்தனை தூரம் நடந்திருக்கிறது பாருங்கள். 'சாருபாட'த்தின் பழைய பிரதி கிடைத்தால் நாம் நாஸ்மித்தைக்கூட விட்டுக்கொடுப்போம். விட்டுக்கொடுக்க நம்மிடம் நாஸ்மித் இல்லை என்பது வேறு விஷயம்.

சாந்திநிகேதனத்தில் ஆசிரியராயிருந்த ஜகதானந்த ராய் 1915-இல் 'கிரக நக்ஷத்திரம்' எழுதினார். படங்களோடு கூடியது, சிறுவர்க்கானது, இன்றும் வங்காள வீடுகளில் அதன் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மலரும். நெப்டியூனோடு நின்றுவிடும் நூல் அது. 1930-இல் பழையதாகி, 2006-இல் மறுபடியும் சரியாகிவிட்டது! அதைப் படிக்கும்பொழுது நமக்குத் தொழில் புத்தி வந்துவிடும். அவர் நெபுலாவை 'நீஹாரிகா' என்கிறார். பனிமூட்டம் என்று பொருள். நாம் ஒண்முகில் என்றும் வான்முகில் என்றும் தேடி, கடைசியில் நெபுலா என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் கோள்களின் பெயரில் நாம் தாழ்ந்தவரல்லர். மங்கள், சுக்கிரன் என்பவற்றுக்கு நம்மிடம் செவ்வாய், வெள்ளி. நிறத்தைக் கண்ணாற் கண்டவர் வைத்த பெயர்கள்.

தமிழில் இத்தகைய நூல்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1848-இலேயே, ஹாய்சிங்டன் பாதிரியாரின் கீழைநாட்டு வானநூலைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கிலப் பெயர்ப்போடும் அச்சிட்டது. சென்னை வானாய்வகத்தில் தலைமை உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-இல் தென்வானத்து மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்; 1872-இல் இங்கிலாந்தின் இராயல் வானியல் கழகத்துக்கு உறுப்பினரானவர். வெள்ளிக்கோள் சூரியனைக் குறுக்கே கடந்த 1874-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்காக அவர் ஒரு சிறு நூல் எழுதினார். சித்தாந்தி ஒருவரும் பண்டிதர் ஒருவரும் உரையாடுவதாக அமைந்தது அது. ஆங்கிலத்திலும் கன்னடம், உருது முதலிய நம் நாட்டு மொழிகளிலும் வெளிவந்தது. 2004-இலும் 2012-இலும் அக்காட்சியைக் கறுப்புக் கண்ணாடி வழியே கண்ட நேயர்கள் இருப்பீர்கள். அடுத்தது 2117-இல், அதற்கு நம் நூல்கள்தாம் போய்ச் சேர முடியும். இருபதாம் நூற்றாண்டில் பெ. நா. அப்புசாமி அறிவியலைத் தமிழில் எழுதுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வந்தது. சிறுவர்க்கான கலைக்களஞ்சியம் பின்னர் வந்தது.

ஆனால் கடைகளில் அவை கிடைப்பது அரிது. பள்ளி நூல் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் போய்ப் பிரிந்து உதிர்ந்துவிடும். நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட லாரியில் ஏறும். புத்தகப் பெட்டிதான் பழைய காகிதக்காரருக்குப் போகும். புது ஊரில் அடுத்த தலைமுறை தமிழ் படிக்குமோ படிக்காதோ என்னும் ஐயத்தில், முதலில் கழிக்கப்படுவது தமிழ்ப் புத்தகமே. இதை நம் நண்பர் வீடுகளில் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருமுறை, நாம் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னதாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் எடைக்குப் போய்விட்டன.

ஆயினும் கல்கத்தாத் தமிழர்க்கு ஒரு பேறு உண்டு. அலிப்பூரில் பெல்வெடெர் மாளிகையில் 1953-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்துக்கு அந்நாளில் தலைவராயிருந்தவர் சென்னை மயிலாப்பூரிற் பிறந்த பி. எஸ். கேசவன். அங்கே தமிழுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூற்சேர்க்கையும் அங்கேதான் இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் வாங்கச் செல்வோர், அதே தூரம் மறுபக்கம் சென்றால் அங்கே உட்காரலாம்.

வீட்டில் வைத்துக் காப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்நகரத்துக்குப் பகை ஈரம். ஆடி, ஆவணியில் வண்ணப் படங்கள் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வண்ணம் பிரிந்து வரும். நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் இடுக. இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை போதுமென்பர். நம் அனுபவத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவதே பெரிய மருந்து. சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். கடும் வெயிலிலும் உலர்த்தாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது, புண்ணில் சுண்ணாம்பு தடவுவது போல. சில ஆண்டுகளில் அது மஞ்சளித்துத் தாளைத் தின்றுவிடும். இவ்வளவும் செய்தும் தப்பாத நாள் வரும். 2020 மே 20-ஆம் நாள் அம்பன் புயல் அடித்த மறுநாள், காலேஜ் தெருவில் முழங்கால் தண்ணீரில் புத்தகங்கள் மிதந்தன. அச்சில் வந்த அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், உப்பிய தாள்களைக் கொடியில் துணிபோல் காயவைத்துக்கொண்டிருந்தார். விற்பதற்கு அன்று, எறிய மனமில்லாமல்.

ஆனால் புயலைவிட மெதுவாகவும் ஒழுங்காகவும் நடக்கும் அழிவு மற்றொன்று. நூலைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்பது. முழு நூலுக்கு வராத விலை பத்துப் படங்களுக்கு வரும். விற்பவரை நாம் குறை கூறமாட்டோம். அவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது. வாங்கி மாட்டுகிற நம்மைப் போன்றவர் இருக்கும்வரை அவர் பிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், ஜகதானந்தரின் இன்னொரு நூலாகிய 'நக்ஷத்திர சேனா' ஒரு கடையில் கண்ணிற் பட்டது. விண்மீன்களை அடையாளம் காணக் கற்பிப்பது. கடைக்காரர் அதன் வானப் படங்களைக் கத்தியால் எடுக்க உட்கார்ந்திருந்தார். தேநீர்க்கடைச் சுவரில் ஒட்ட யாரோ கேட்டிருந்தார்களாம். "தாதா, முழுதாகவே தாருங்கள்" என்றோம். அவர் சொன்ன விலை கூடுதல்தான். பேரம் பேசாமல் கொடுத்தோம். அவர் நம்மை இரக்கத்தோடு பார்த்தார்.

வீட்டில் விளக்கடியில் பிரித்தோம். நாம் மிருகசீரிடத்தைச் சேர்த்துக் காணும் விண்மீன் கூட்டத்தை வங்காளிகள் காலபுருஷன் என்பர். அப்பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சிறுபிள்ளை எழுத்தில் வங்காளத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஆண்டு இல்லை, மாக மாதத்துத் தேதி மட்டும். அதன்கீழ்: மாடியிலிருந்து பார்த்தேன், அக்காள் நம்பவில்லை. அடுத்த பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் ஒரே சொல்: நானும்.

கத்தி அப்பக்கத்துக்கு வருவதற்கு ஐந்தாறு தாள்களே எஞ்சியிருந்தன.

கூடத்துச் சுவரில் இப்பொழுது ஒன்றும் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது. சனியையும் கிரகணத்தையும் சட்டத்திலிருந்து எடுத்துத் தாளுறையில் இட்டு, அளவையும் அச்சுமுறையையும் எழுதி வைத்திருக்கிறோம். ஓரம் நறுக்கப்பட்டமையால், உரிய நூல் கிடைத்தாலும் துணுக்கோடு துணுக்கு வைத்துப் பொருத்திக் காட்ட இயலாது. தாளின் நிறமும், தாளில் ஊறிய பழுப்புப் புள்ளிகளுமே வழிகாட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்து அச்சின் மங்கிய நிழல் சனிப்படத்தின் முதுகில் சிறிது ஏறியிருக்கிறது. கண்ணாடியை வைத்தால் இரண்டு வரி படிக்க வருகிறது. சனிக்கிழமைதோறும் பிற்பகலில் அந்த இரண்டு வரியை எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் காலேஜ் தெருவுக்குப் போகிறோம்.